கோட்டைக்குள் ஒரு வெங்காயப் பட்டறை

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் வீடு கட்டினவர்கள் எத்தனையோ பேர் உண்டு. கோட்டை கட்டினவன் நான் ஒருவன்தான். கங்கைகொண்ட சோழபுரத்தில் கட்டினவர்களை இதில் சேர்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் ஒரு ராஜா இருந்தான். எனக்குப் பின்னால் ஒரு கலவை மிஷினும், என் பேச்சைத் தட்டாத ஆட்களும்தான் இருந்தார்கள்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தீர்ந்துவிட்டது. சித்தாளாகக் கலவைச் சட்டி சுமந்தேன். பிறகு கரண்டி பிடித்தேன். பிறகு மற்றவர்களைக் கரண்டி பிடிக்க வைத்தேன். லப்பைக்குடிக்காட்டில் துபாய், சவுதி என்று போய் வந்தவர்கள் வீடு கட்ட இன்றைக்கும் என்னைத்தான் தேடி வருகிறார்கள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அதை மறைத்ததில்லை. இதை எழுதுவதிலும் தப்பு இருக்கும். எழுத்துப் பிழையை அச்சுக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். சுவரில் பிழை இருந்தால் மட்டும் என்னிடம் வந்து கேட்கலாம்.

சில வருஷங்களுக்கு முன்னால், தை முடிகிற சமயம், ஒரு சினிமாக் கம்பெனி மேனேஜர் என் ஷெட்டுக்கு வந்தார். அரியலூர்ப் பக்கம், சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துவிட்டுச் சும்மா விட்ட பழைய சுரங்கம் ஒன்று இருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குள் ஒரு ஊரையே கட்டித் தர வேண்டும் என்றார். சவுக்குக் கழியும் மூங்கிலும் இரும்புக் குழாயும் இந்த வட்டாரத்தில் என்னிடம்தான் அதிகம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

பள்ளத்தில் இறங்கினால் நாலு பக்கமும் வெள்ளை வெளேரென்று கல் நிற்கும். ஒரு கல்லை உடைத்தால் உள்ளே கடல் சிப்பி இருக்கும். எங்களுக்கு அது புதிதில்லை. கம்பெனிக்காரர்கள் ஆளுக்கு ஒன்று பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள்.

செட்டுக்குப் பொறுப்பு ஒரு பெண். சென்னையிலிருந்து வந்தவர். ஆர்ட் டைரக்டர் என்றார்கள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலிலேயே நிற்பார். வேலை தெரிந்தவர். நான் எல்லோரையும் அப்படிச் சொல்லமாட்டேன். ஒரு மேஜை மேல் தெர்மாகோலில் அந்த ஊரைச் சின்னதாகச் செய்து வைத்திருந்தார். சுற்றி மதில், மூலைக்கு ஒரு காவல் கோபுரம், ஒரே ஒரு பெரிய வாசல், அதிலிருந்து நேராக ஒரு கடைத்தெரு, நடுவில் கிணறு.

"எந்த ராஜா காலத்துக் கோட்டை மேடம்?" என்று கேட்டேன்.

"எந்த ராஜாவும் இல்லைங்கய்யா. இது எங்கயுமே இல்லாத ஊரு. கற்பனை."

"இல்லாத ஊருக்கு எதுக்கு மதிலு?"

"வியாபாரம் நடக்குற ஊருங்க. மூணு நாட்டு வியாபாரிங்க சரக்கோட வந்து போற இடம். கொள்ளைக்காரங்களுக்குப் பயந்து மதில் கட்டி வச்சிருக்காங்க."

"அப்ப சந்தை. அப்படிச் சொல்லுங்க."

சந்தை என்றதும் எனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. வண்டி எங்கே திரும்பும், சுமை எங்கே இறங்கும், தண்ணீர் எங்கே தேங்கும் என்று அந்தத் தெர்மாகோலைப் பார்த்தே சொன்னேன். அந்த ஊர் ஜனங்கள் கும்பிடுவது கொம்பு வைத்த ஆமையை என்றார். ஒவ்வொரு மதிலிலும் ஒன்று, வாசலுக்கு மேலே பெரியதாக ஒன்று. என் ஆட்கள் அதைக் கேட்டதும் கையைக் கட்டிக்கொண்டார்கள். வாசலுக்கு மேலே ஆமையை ஏற்ற எங்கள் பக்கத்தில் எவன் ஒப்புவான்? கொம்பு வைத்துவிட்டதால் அது ஆமை இல்லை, வேறு ஜாதி என்று நான்தான் சொல்லிச் சமாளித்து, ஒரு எலுமிச்சம்பழம் வெட்டிப் போட்டு ஏற்ற வைத்தேன்.

மதில் என்றால் கல் மதில் இல்லை. கழி ஊன்றி, பிளைவுட் அடித்து, சாக்கைப் பிளாஸ்டரில் நனைத்து ஒட்டி, கல் மாதிரிக் கோடு கீறிச் சாயம் பூசுவார்கள். கழி ஊன்றுவது என் வேலை. நான் ஆழக் குழி எடுத்தேன். மேனேஜர் ஓடி வந்தார்.

"இது செட்டுங்க. காமிராவுக்கு முன்னாடி நின்னா போதும்."

"காமிராவுக்கு முன்னாடி நிக்கும் சார். காத்துக்கு முன்னாடியும் நிக்கணும்ல? எங்க ஊரு கோடைக்காத்த நீங்க பாத்ததில்ல."

இன்னொரு விவாதமும் வந்தது. அவர்கள் கணக்கில் மதில் மூன்று பக்கம்தான். வடக்குப் பக்கம் திறந்தே கிடக்கும், படத்தில் அது வராது என்றார்கள். நான் ஒப்பவில்லை.

"மூணு பக்கம் அடைச்சு ஒரு பக்கம் திறந்து போட்டா அதுக்குப் பேரு மாட்டுக் கொட்டாய் மேடம். கோட்டைன்னு சொல்லித்தான என்னைக் கூப்பிட்டீங்க?"

அவர் சிரித்துவிட்டார். டைரக்டரும் ஒருவேளை உதவும் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். வடக்கு மதிலை நான் மற்ற மூன்றையும்விட அழகாகக் கட்டினேன். அதன் மேல் காவலர் நடக்கப் பலகை போட்டு, அவர் கேட்டபடி அம்பு விடுகிற துளைகளையும் வரிசையாக வைத்து, காவலுக்கு ஓலை வேய்ந்த ஒரு சின்னக் கொட்டகையும் போட்டுக் கொடுத்தேன். பார்க்க வந்த உறவுக்காரர்களை எல்லாம் முதலில் அந்தப் பக்கம்தான் கூட்டிப் போவேன்.

இப்போது பட்டறை விஷயத்துக்கு வருகிறேன்.

மதில் நின்றதும் ஆர்ட் டைரக்டர் வேறு ஏதோ வேலையாகச் சென்னைக்குப் போனார். போகும்போது உள்ளே கட்ட வேண்டியதை எல்லாம் ஒரு பெரிய தாளில் வரைந்து, என் ஆட்களுக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே பெயர் எழுதிவைத்துப் போனார். நான் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்லச் சொல்ல வேலை நடந்தது. சாவடி. சத்திரம். கிணறு. கிணற்றுக்கு வடக்கே ஒரு நீளச் சதுரம் போட்டு, பட்டறை.

பெரம்பலூர்க்காரனிடம் பட்டறை என்று சொன்னால் அவன் எதைக் கட்டுவான்? சின்ன வெங்காயத்தை அறுவடை செய்து போட்டு வைக்கிற பட்டறையைத்தான் கட்டுவான். வியாபாரம் நடக்கிற ஊர் என்று சொல்லியிருக்கிறார், பட்டறை இல்லாமல் எப்படி என்று எனக்கும் சரியாகவே பட்டது. கல் அடுக்கித் தரையிலிருந்து தூக்கினேன். அதன் மேல் இடைவெளி விட்டுப் பனஞ்சட்டம் பரப்பினேன். இரண்டு பக்கமும் மூங்கில் தட்டி, மேலே பனை ஓலை. அகலம் குறைவாக, நீளம் அதிகமாக. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். மதில் காற்றை மறைக்குமே என்று முதலில் யோசித்தேன். அம்புத் துளைக்கு நேராக வைத்தேன். துளை வழியாகச் சிலுசிலுவென்று வந்தது. இப்படி ஒரு பட்டறையை எந்தக் குடியானவனும் தன் காட்டில் கட்டிக்கொண்டதில்லை.

ஆர்ட் டைரக்டர் திரும்பி வந்து அதன் முன்னால் நெடுநேரம் நின்றார்.

"ஐயா, இது என்ன?"

"பட்டறை மேடம்."

"பட்டறையா?"

"நீங்கதான எழுதி வச்சீங்க. ப, ட், ட, றை. தாளு இங்கதான் இருக்கு."

"ஐயா, நான் கொல்லன் பட்டறை சொன்னேன். உலை, துருத்தி, சம்மட்டி. குதிரைக்கு லாடம் அடிக்கிற இடம்."

"அப்ப கொல்லன்னு ஒரு வார்த்தை சேத்து எழுதியிருக்கணும்ல? வெறும் பட்டறைன்னா இங்க இதுதாங்க. யார வேணா கேட்டுப் பாருங்க."

அவர் நிஜமாகவே கேட்டார். சாந்து குழைத்துக்கொண்டிருந்த பெண், தண்ணீர் லாரி டிரைவர், சமையல்காரர், மூன்று பேரும் பட்டறையைக் காட்டிப் பட்டறை என்றார்கள். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். டைரக்டரைக் கூட்டி வந்து காட்டினார். அவர் சுற்றிச் சுற்றி வந்து, தட்டிக்கு உள்ளே எட்டிப் பார்த்து, இது இருக்கட்டும், இந்த ஊர்க்காரர்கள் சரக்கை இப்படித்தான் வைப்பார்கள் என்று சொல்லிவிட்டார். கொல்லனுக்குச் சத்திரத்தின் பக்கத்தில் ஒரு சாய்ப்பு இறக்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு கம்பெனி முழுக்க பட்டறை என்றால் எங்கள் பட்டறைதான். கொல்லன் பட்டறையை அவர்களே "அந்த இன்னொண்ணு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இதில் தப்பு யாருடையது என்று இன்றுவரை நான் யோசித்ததில்லை, ஏனென்றால் தப்பே இல்லை.

என் மனைவியின் அண்ணன் குன்னம் பக்கத்தில் கரிசல் காட்டில் வெள்ளாமை செய்கிறவர். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். பெரிய மீசை. பேச்சில் எனக்கு ஈடு கொடுக்கிற ஒரே ஆள். அந்த மாசியில் வெங்காயம் பிடுங்கி, தாளோடு கட்டுக் கட்டாகப் பட்டறையில் போட்டிருந்தார். அடுத்த நடவுக்கான விதை அது. சின்ன வெங்காயத்துக்குத் தனியாக விதை என்று கிடையாது. காயையே பத்திரமாக வைத்திருந்து, வைகாசியில் எடுத்து நட வேண்டும். அவருடைய பட்டறையின் கால்களைக் கரையான் தின்றிருக்கிறது. பங்குனியில் ஒரு நாள் அடித்த சூறைக்காற்றில் படுத்துவிட்டது. வெங்காயத்தைத் தார்ப்பாயில் பரப்பி, மழை தூறினால் மூடுவதும் வெயில் வந்தால் திறப்பதுமாக அவரும் அவர் மனைவியும் அல்லாடிக்கொண்டிருந்தார்கள். மூடினால் புழுங்கும், திறந்தால் நனையும். எப்படியும் அழுகும்.

கோட்டையைப் பார்க்க வந்த அன்று மச்சான் வடக்கு மதிலைப் பார்க்கவே இல்லை. பட்டறைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, எனக்கு ஒண்ணு கட்டித்தான்னு ரெண்டு வருசமா கேக்குறேன். இல்லாத ஊருக்குக் கட்டியிருக்கியே."

"இல்லாத ஊருக்காரங்க அட்வான்ஸ் குடுத்தாங்க மச்சான்."

அவர் சிரிக்கவில்லை. "இந்த வெதை போச்சுன்னா நான் திருப்பூர் பஸ்ஸுல ஏற வேண்டியதுதான்" என்றார்.

அவருடைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வாருங்கள், இங்கே வாட்ச்மேன் வேலை இருக்கிறது, சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று வருஷக்கணக்காகக் கூப்பிடுகிறான். நாற்காலியில் உட்காருவதைவிடக் கேவலமான வேலை மச்சானுக்குத் தெரியாது. வெளியில் விதை வாங்கி நடும் நிலையிலும் அவர் இல்லை. விதை போனால் அந்த வருஷ நடவு இல்லை. நடவு இல்லை என்றால் மகன் சொல்வதற்கு மறுபேச்சு இல்லை.

நான் நேராக ஆர்ட் டைரக்டரிடம் போனேன்.

"மேடம், பட்டறைக்குள்ள என்னா வைக்கப் போறீங்க?"

"தெர்மாகோல் உருண்டை செஞ்சு சாயம் அடிக்கச் சொல்லியிருக்கேன். ஏங்கய்யா?"

"நெச சரக்கே வருது. வச்சுக்கிறீங்களா?"

மச்சான் கொண்டு வந்திருந்த ஒரு கட்டை வாங்கி அவர் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஊதாவும் சிவப்புமாகத் தோல் மினுங்கியது. அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் ஒன்று சொன்னார். கதைப்படி கடைசியில் கொள்ளைக்காரர்கள் இந்த ஊரைக் கொளுத்திவிடுகிறார்கள். நிஜமாகவே எரிக்கப் போகிறோம். அதற்கு முன்னால் வெங்காயத்தை எடுத்துவிட வேண்டும்.

"எப்ப எரிப்பீங்க?" என்றார் மச்சான்.

"ஆனி கடைசி ஆயிடும்ங்க."

"நான் வைகாசியிலயே நடவுக்கு எடுத்துருவேன் தாயி. நீங்க தாராளமா எரிங்க."

டிராக்டரில் வெங்காயம் வந்து இறங்கியது. காவலுக்கென்று மச்சான் தினமும் காலையில் வந்துவிடுவார். அந்த மீசையை டைரக்டர் பார்த்தார். மறுநாள் மச்சான் தலையில் பச்சைத் தலைப்பாகை, காதில் வளையம், இடுப்பில் பட்டுக் கயிறு. மூன்று நாட்டு வியாபாரிகளில் ஒருவராகிவிட்டார். வசனம் கிடையாது. சாவடியில் நின்று தராசைத் தூக்கிப் பிடித்து, முகத்தைச் சுளிக்க வேண்டும். அதை அவர் நன்றாகவே செய்தார். சந்தையில் அவருக்குப் பழக்கம்தான்.

தன் காட்டில் பட்டறையைத் திரும்ப நிறுத்துகிற பேச்சு அதோடு நின்றது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்பார்.

சித்திரை நடுவில் ஒரு காலை. மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, ஹீரோ வெளிநாடு போகிறார், எரிக்கிற காட்சியை முன்னால் எடுக்கிறோம், நாளை மறுநாள் சாயங்காலம் என்றார். மச்சான் தலைப்பாகையோடு அப்படியே நின்றார். அன்றைக்கென்று அவர் மனைவியும் சோற்றுத் தூக்கோடு வந்திருந்தது.

"கேட்டீங்களாண்ணே?" என்று என்னிடம் ஆரம்பித்தது. "தெனமும் சாந்தரமானா மழை இடிக்குது. காட்டுல ஒரு காலு ஊனல. தராசு புடிக்கப் போறாராம் தராசு! ஒங்க மச்சானுக்கு அந்தக் கம்மல் வேற. கழட்டவே மாட்டேங்குறாரு, வூட்டுலயும் போட்டுக்கிட்டுத்தான் படுக்குறாரு."

"அது ஒட்டிக்கிச்சுடி."

"திருப்பூருக்கும் போட்டுக்கிட்டே போங்க. வாட்ச்மேனுக்கு நல்லா இருக்கும்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் பட்டறையைப் பார்த்தேன். பிரித்தால் காலையிலிருந்து மத்தியானத்துக்குள் பிரித்து, குன்னம் கொண்டுபோய் மறுநாளே நிறுத்திவிடுவேன். ஆர்ட் டைரக்டரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "முடியாதுங்கய்யா. ஹீரோ அது மேல சாஞ்சுக்கிட்டுதான் பேசியிருக்காரு. எல்லா ஷாட்லயும் இருக்கு. எரியறப்ப அது அங்க இல்லன்னா தப்பாயிடும். வெங்காயத்த எடுத்துக்கங்க. பட்டறைய மட்டும் விடுங்க."

"வெங்காயத்த எடுத்து எங்கங்க வைக்கிறது? மடியிலயா?"

"உங்ககிட்ட வேற கழி இல்லையா?"

அதுதான் சங்கடம். என் கழியெல்லாம் லப்பைக்குடிக்காட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. அடுத்தடுத்து மூன்று வீட்டுக்கு அப்போதுதான் தளம் போட்டிருந்தோம். காங்கிரீட் இறுகும் முன்னால் அடியில் கொடுத்த கழியை உருவினால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரியும். புதிதாக வாங்கலாம் என்றால் சவுக்கு வெட்டி வருவதற்கு ஒரு வாரம் ஆகும். வானம் அப்போதே மேற்கில் கருத்துக்கொண்டிருந்தது.

ஆர்ட் டைரக்டர் மதிலைச் சுற்றிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வடக்குச் சுவரை எடுத்துக்கங்கய்யா. அது ஒரு தடவைகூட ஃபிரேம்ல வரல. எரிக்கிற அன்னைக்கும் வராது."

ஒரு தடவைகூட வரவில்லை என்பது எனக்கு அதுவரை தெரியாது. பெரம்பலூரில் பாதிப் பேரை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்திருக்கிறேன். நாலு பக்கமும் மதில் உள்ள கோட்டை என்று டீக்கடையில், கல்யாண வீட்டில், ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில், எங்கெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே ஞாபகமில்லை. அதில் இருந்த கழிகள் நல்ல முற்றின கழிகள். பலகை இருந்தது. ஓலைக் கொட்டகை இருந்தது. மூங்கில் இருந்தது. ஒரு பட்டறைக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாமே அந்தச் சுவரில் இருந்தது.

மச்சான் என் பக்கத்தில் வந்தார். ஒரு மாதமாக என்னைக் கேலி செய்தவர் அவர்தான். கோட்டைக்கு நாலாவது சுவர், மாப்ள மண்டைக்கு ரெண்டாவது கொம்பு என்று ஆமையைக் காட்டிச் சொல்வார். அன்றைக்கு வேறு மாதிரி பேசினார். "விடு மாப்ள. நீ ஆசையா கட்டுனது. நான் திருப்பூருக்கே போயிக்கிறேன்."

"கம்மலக் கழட்டி வச்சுட்டுச் செவுத்துக் கயித்த அவுழுங்க மச்சான். மழை வந்துரும்" என்றேன்.

கட்டுவதைவிடப் பிரிப்பதற்குத்தான் வேலை தெரிய வேண்டும். என் ஆட்களைக் கூப்பிட்டேன். பிளாஸ்டர் சாக்கை வெட்டி இறக்கினோம். கழியை ஆட்டாமல் அசைக்காமல், குழிக்குத் தண்ணீர் விட்டு, ஒன்றன் பின் ஒன்றாக உருவினோம். ஒரு கழி முறியவில்லை. மற்ற மூன்று மதிலில் ஒரு விரிசல் விழவில்லை. வேறு எவனாவது கை வைத்திருந்தால் மூலைக் கோபுரம் தலையில் வந்திருக்கும். எவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்தேன் என்று அன்றைக்கு மேனேஜருக்கும் தெரிந்தது. பாதி நாள் அந்தக் குழியிலிருந்து கழி எடுப்பதற்கே போயிற்று, அவர் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வந்த மழை கோட்டையை மட்டும் நனைத்தது. வெங்காயம் இன்னும் பட்டறையில்தான் இருந்தது. மறுநாள் விடிந்ததும் கழி, பலகை, ஓலை, பள்ளத்துக் கல் எல்லாவற்றையும் டிராக்டரில் ஏற்றிக் குன்னம் போனோம். மச்சானின் காட்டில், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், காற்று தடையில்லாமல் வருகிற மேட்டில் நிறுத்தினேன். காவலர் நடந்த பலகையைக் கிழித்துச் சட்டமாக்கி அடியில் பரப்பினேன். காவல் கொட்டகை ஓலை மேலே போயிற்று. மத்தியானம் டிராக்டர் திரும்பிப் போய் வெங்காயத்தை ஏற்றி வந்தது. மச்சானின் மனைவி ஒவ்வொரு கட்டாக மூக்கருகே வைத்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டது. கெட்டதை ஒதுக்கி ஒரு கூடையில் போட்டது. அந்தக் கூடையை மட்டும் நான் கோட்டைக்கு எடுத்துப் போனேன். எரிகிற பட்டறை வெறுமையாகத் தெரியக்கூடாது, தட்டி ஓரமாகக் கொஞ்சம் வைக்க வேண்டும் என்று ஆர்ட் டைரக்டர் கேட்டிருந்தார்.

சொன்னபடியே அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் எரித்தார்கள். மழை பொய்த்தது. தீயணைப்பு வண்டி மேட்டில் நின்றது. நான் வடக்குப் பக்கம், என் சுவர் இருந்த இடத்தில் நின்றுகொண்டேன். அங்கிருந்துதான் எல்லாம் தெரிந்தது. கடைத்தெரு பிடித்தது, சத்திரம் பிடித்தது, வாசலுக்கு மேலிருந்த ஆமை கொம்போடு உருகிச் சாய்ந்தது. கடைசியாகப் பட்டறை. ஓலை ஒரே மூச்சில் போய்விட்டது. தட்டி நின்று எரிந்தது. தட்டிக்குப் பின்னால் வெங்காயம் வதங்கி, எண்ணெய் இல்லாமலே ஒரு வாசனை கிளம்பிப் பள்ளம் முழுக்க நிறைந்தது. ஹீரோ தன் ஊர் போய்விட்டதே என்று வானத்தைப் பார்த்துக் கதறிக்கொண்டிருந்தார். கட் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, இன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு என்ன என்பது.

ஆர்ட் டைரக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். "வருத்தமா இருக்காய்யா?" என்றார்.

"என்னத்துக்கு? எரிக்கத்தான கட்டுனோம். அங்க பாருங்க, காலெல்லாம் அப்படியே நிக்குது."

நின்றது. எல்லாம் எரிந்த பிறகும் கரிந்த கழிகள் மூன்று பக்கமும் நட்டது நட்டபடி நின்றன. ஜேசிபி வைத்துத்தான் பிடுங்கினார்கள்.

வைகாசியில் மச்சான் பட்டறையைத் திறந்தார். கொஞ்சம் போயிருந்தது, அது எப்போதும் போகிற அளவுதான். மிச்சம் கல் மாதிரி இருந்தது. நட்டார். மகனிடமிருந்து போன் வந்தபோது வரப்பில் நின்றபடியே பேசினார். "இந்த வருசம் இல்லப்பா, வெங்காயம் வச்சுட்டேன்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு வளரவில்லை.

அந்தப் பட்டறை இன்றும் நிற்கிறது. வடக்கு மதிலில் இருந்த ஆமை ஒரு பலகையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பிய்த்தால் பலகை போய்விடும் என்று நான் அப்படியே வைத்து அடித்துவிட்டேன். மச்சானின் மனைவி முதலில் ஒப்பவில்லை. பிறகு, வெங்காயம் கெடாமல் இருந்ததைப் பார்த்து, ஆடிக்கு ஆடி அதற்கும் ஒரு பொட்டு வைக்கிறது. சுற்றுவட்டாரத்தில் புதிதாகப் பட்டறை போடுகிறவர்கள் வந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரி, அந்தக் கொம்பு ஆமை எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள்.

படம் வந்தது. பெரம்பலூரில் மச்சானும் நானும் போய்ப் பார்த்தோம். மற்ற ஊர்களில் எப்படியோ தெரியாது. எங்கள் தியேட்டரில் ஹீரோ சாய்ந்து பேசுகிற இடம் வந்ததும் பின்னாலிருந்து, "டேய், வெங்காயப் பட்டறைடா!" என்று சத்தம் கேட்டது. அதோடு அவர் பேசின வசனம் யாருக்கும் கேட்கவில்லை. மச்சான் தராசு பிடிப்பது கண் சிமிட்டும் நேரம் வந்து போயிற்று. அவர் தன்னைப் பார்த்தாரா என்றுகூடத் தெரியவில்லை. பட்டறையில் தீப் பிடித்தபோது ஒரு பெண் குரல், "ஐயையோ, வெதை வெங்காயமாச்சே!" என்றது. தியேட்டரே உச்சுக்கொட்டியது. ஊர் முழுக்க எரிந்ததற்கு யாரும் அப்படிச் செய்யவில்லை.

மச்சான் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

"எங்க மச்சான்? படம் இன்னும் முடியலையே."

"நீ பாத்துட்டு வா மாப்ள. கரண்டு வர்ற நேரம். வெங்காயத்துக்குத் தண்ணி கட்டணும்."